முள் சிவப்பைத் தொடும்போது: பழைய ஜீப்புகள் குறித்த வாசகர் கேள்விகள்

மலைச்சாலையில் சூடேறி நின்றுபோகும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பற்றியே இம்முறை அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்ற பல கடிதங்களுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: ஐயா, என்னிடம் 1997-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங் இருக்கிறது, 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) வகை. சமவெளியில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவுக்குள் முள் சிவப்பை நெருங்கிவிடுகிறது. பிறகு ஏதாவது ஒரு வளைவில் வேகம் குறையும்போது, இரண்டு மூன்று முறை திக்கிவிட்டு எஞ்சின் நின்றுவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே சுற்றில் கிளம்பிவிடுகிறது. இதுவரை வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் ஆகியவற்றை மாற்றியாயிற்று. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தாயிற்று. இப்போது எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: இறக்க வேண்டாம். குறைந்தபட்சம், கீழே சொல்லும் சோதனைகளை முடிக்கும்வரையாவது வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு ஒரே நோய் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்த அளவில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடுகிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது ஒன்று; அந்தச் சூட்டில் பெட்ரோலோ தீப்பொறியோ தடைபட்டு நின்றுபோவது இன்னொன்று. வெறும் சூட்டினால் மட்டும் ஓர் எஞ்சின் நிற்க வேண்டுமானால் பிஸ்டன் இறுகிப் பிடிக்கும் அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும். அப்படிப் பிடித்த எஞ்சினில் செல்ஃப் அவ்வளவு இலகுவாகச் சுற்றாது. அரை மணி நேரத்தில் ஒரே சுற்றில் கிளம்பவும் செய்யாது. ஆகவே உங்கள் எஞ்சினின் உட்புறம் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். சமவெளியில் வேகமாக ஓடும்போது முள் அசையவில்லை, மெதுவாக ஏறும்போது மட்டும் உயர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே மிகப் பயனுள்ள வரி இதுதான். வேகமாக ஓடும் வண்டியின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே போதும், விசிறியின் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. மணிக்கு 15, 20 கிலோமீட்டரில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறும்போது எதிர்க்காற்று இல்லாமல் போகிறது, முழுப் பொறுப்பும் விசிறியின் தலையில் விழுகிறது. ஆகவே சந்தேகம் முதலில் விசிறியின் மேல்தான் விழ வேண்டும். நேர்மாறாக, சமவெளியில் வேகம் கூடக் கூட முள் உயரும் வண்டி என்றால், ரேடியேட்டர் குழாய்களின் உள்ளே அடைப்பு, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் என்று வேறு திசையில் தேட வேண்டியிருக்கும்.

உங்கள் வண்டியில் விசிறி, பெல்ட் புல்லியோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்காது. நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் ஒன்று இருக்கும். சூடேறினால் அது இறுகி விசிறியை வேகமாகச் சுழற்றும், ஆறினால் தளர்ந்துவிடும். இருபது வருடம் கடந்த கிளட்சில் அந்த எண்ணெய் கசிந்து வற்றிப்போவது சகஜம். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, அணைத்து, சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, விசிறியைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். மாவு பிசையும்போது கைக்குத் தெரிகிறதே, அதுபோன்ற ஓர் எதிர்ப்புத் தெரிந்து உடனே நின்றால் கிளட்ச் வேலை செய்கிறது. மூன்று நான்கு சுற்று இலகுவாகச் சுற்றினால் அதன் ஆயுள் முடிந்தது. கிளட்சின் மையத்திலிருந்து வெளிப்புறமாகக் கதிர்கதிராக எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தால், தள்ளிப் பார்க்கவே தேவையில்லை. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஒரு முழுத்தாள் செய்தித்தாளை முன் கிரில்லின்மேல் வையுங்கள். தாள் தானாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சரிந்து விழுந்தால் உறிஞ்சும் காற்றுப் போதவில்லை என்று பொருள்.

அடுத்து, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையே விசிறியைச் சுற்றி நிற்கும் கூடு. ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது கழற்றியதைத் திரும்ப மாட்டச் சோம்பல்பட்டு, ‘அது வெறும் பாதுகாப்புத் தகடுதான்’ என்று சொல்லி மூலையில் போட்டுவிடுவது பட்டறைகளின் வழக்கம். அந்தக் கூடு இல்லையென்றால் விசிறி தன்னைச் சுற்றியுள்ள எஞ்சின் அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் கலக்கிக்கொண்டிருக்கும், ரேடியேட்டரின் ஓரங்கள் வழியே ஒன்றும் இழுக்காது. உங்கள் வண்டியில் கூடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்குகள், வின்ச், பெரிய நம்பர் பலகை போன்றவை இருந்தால் அவற்றையும் ஒருமுறை கழற்றிவிட்டு ஏறிப் பார்ப்பது நல்லது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடமிருந்த ஜீப் கல்லட்டி ஏற்றத்தில் இதேபோல் சூடாகிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் ரேடியேட்டரைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள், மூடியை இரண்டு முறை மாற்றினார்கள், பலன் இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான், வாட்டர் பம்ப் மாற்றியபோது விசிறியையே முன்பின் மாற்றி மாட்டியிருந்தது தெரிந்தது. விசிறியைத் திருப்பி மாட்டினால் காற்று எதிர்த்திசையில் போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படிப் போகாது, அதே திசையில்தான் போகும், ஆனால் இலையின் குழிந்த பக்கம் காற்றைப் பிடிக்காததால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் கிரில்லில் கை வைத்துப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வரவில்லை. உங்கள் வண்டியிலும் வாட்டர் பம்ப் மாற்றப்பட்டிருப்பதால் இதையும் பார்த்துவிடுங்கள்.

ரேடியேட்டரின் வெளிப்புறத் தகடுகளுக்கு இடையே சேறும் புல்விதையும் பூச்சியும் அடைத்திருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபட்டுவிடும். உள் அடைப்பைக் கண்டுபிடிக்க, சூடான எஞ்சினை அணைத்த பிறகு ரேடியேட்டரின் முன்பக்கம் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். சூடு ஓரிடத்தில் இருந்து, பக்கத்திலேயே ஒரு திட்டு மட்டும் சில்லென்றிருந்தால், அங்குள்ள குழாய்கள் அடைத்திருக்கின்றன.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்ததைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, சுருக்கிக்கொள்கிறேன். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில், ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி 95 டிகிரிக்குள் முழுதும் திறந்துவிடும் ஒரு வால்வு அது. முழுதும் திறந்த பிறகு அது தண்ணீரின் ஓட்டத்தைத் தடுப்பது மிகக் குறைவு. ஆகவே அது ஒழுங்காகத் திறக்கும் நிலையில் இருந்தால், அதைக் கழற்றுவதால் மலை ஏற்றத்தில் கிடைக்கும் நன்மை அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் இறக்கத்திலும் குளிர்காலையிலும் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் ஓடும்; பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும்; தேய்மானம் கூடும். புதியதை வாங்கியதும் மாட்டுவதற்கு முன் வீட்டு அடுப்பிலேயே சோதித்துவிடலாம். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, கூடவே ஒரு வெப்பமானியையும் வைத்து, தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே அது வாய் திறக்கிறதா என்று பாருங்கள். அதில் சிறு துளையோடு ஆடும் ஊசி இருந்தால், மாட்டும்போது அது மேற்பக்கம் இருக்கும்படி மாட்ட வேண்டும். சிக்கிய காற்று வெளியேறுவதற்கான வழி அது.

தண்ணீரை மாற்றிய பிறகு காற்று எடுப்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்தபடியே கிளப்பி, தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி நின்றுபோவதற்கு வருவோம். பெட்ரோல் எஞ்சின் நிற்கும்போது குற்றவாளிகள் இருவர்தான்: பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை. இருவரில் யார் என்பதை வண்டி நின்ற அதே நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருவருமே நல்லவர்களாகத் தெரிவார்கள். ஆகவே அடுத்த முறை மலை ஏறும்போது ஒரு பழைய நல்ல பிளக்கையும், ஸ்பானரையும், உதவிக்கு ஓர் ஆளையும் கூட்டிச் செல்லுங்கள். வண்டி நின்றதும் ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றாமல், கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிவரைக் கையால் ஒருமுறை வேகமாக இழுங்கள். மெல்லிய ஊசிபோல் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லையென்றால் கார்புரேட்டர் தொட்டியில் பெட்ரோல் இல்லை. பீய்ச்சினால், உடனே ஒரு பிளக் வயரைக் கழற்றி, கொண்டுபோன பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினில் தொட்டிருக்கும்படி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இதற்கு முன் கார்புரேட்டர் வாயை மூடிவிட வேண்டும், பிளக்கை அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். நீல நிறத்தில் சடசடவென்று பொறி விழுந்தால் இக்னிஷன் சரி. செம்மஞ்சளாக, நூல்போல் விழுந்தாலோ விழவே இல்லையென்றாலோ குற்றவாளி அங்கே.

என் ஊகத்தில், நீங்கள் பீய்ச்சல் இல்லாத நிலையைத்தான் காண்பீர்கள். பழையவர்கள் ‘ஏர் லாக்’ என்றும் ‘வேப்பர் லாக்’ என்றும் மாறிமாறிச் சொல்லும் கோளாறு அது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித்தான் இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால், அங்கே பெட்ரோல் வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைப் பிசைந்துகொண்டே இருக்கும், திரவம் ஏறாது. அம்பாசடர் காலத்து டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டு ஓட்டியதைப் பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள். நீங்களும் அதைச் செய்து பாருங்கள்: வண்டி நின்றதும் பம்பையும் அதற்கு வரும் குழாயையும் ஈரத்துணியால் சுற்றி, ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறதா என்று பாருங்கள். கிளம்பினால் நோய் உறுதியாயிற்று. ஆனால் அது சோதனைதான், வைத்தியம் அன்று.

இந்தக் கோளாறு அண்மைக்காலத்தில் ஏன் கூடியிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 2023 முதல் படிப்படியாகப் பங்க்குகளுக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், எத்தனாலின் கொதிநிலையான 78 டிகிரிக்குக் கீழேயே கணிசமான பகுதி ஆவியாகிவிடுகிறது. மேலும் சாதாரண பெட்ரோல் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். 1997-இல் அளவிடப்பட்ட ஜெட்டுகள் (பெட்ரோல் வரும் நுண்துளைகள்) கொண்ட கார்புரேட்டர் இதை அறியாது, பழைய கணக்கிலேயே கொடுக்கும். எனவே கலவையில் காற்று மிகுந்து, அது சற்று வறண்டு, எஞ்சின் கூடுதல் சூட்டில் ஓடும். வால்பாறை உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதால் இந்த வறட்சி ஓரளவு ஈடாகிவிடும், ஆனால் ஏற்றத்தின் அடிவாரத்தில் ஈடாகாது. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் மெல்ல அரித்துவிடும். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாது. உள்ளே காற்று மட்டும் போகும்.

ஆகவே டேங்கிலிருந்து பம்ப் வரையிலான எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றுங்கள். ஏதாவது ஒரு குழாய் வெந்நீர் ஹோஸையோ சைலன்சர் மேனிஃபோல்டையோ உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்; பழுதுபார்த்தபோது வழிமாற்றிக் கட்டியிருப்பார்கள். கார்புரேட்டரின் அடியில் சூடு தடுக்கும் தடித்த பேக்கலைட் துண்டு இருக்க வேண்டும். அதற்குப் பதில் வெறும் காகித கேஸ்கட் வைத்திருந்தால் கார்புரேட்டர் அடுப்பில் வைத்த பாத்திரம்தான். டேங்குக்குத் திரும்பிப் போகும் மெல்லிய குழாயை ஒரு முனையில் கழற்றி ஊதிப் பாருங்கள். அந்த வழி அடைத்திருந்தால் ஆவி தப்பிக்க இடமின்றி அங்கேயே தங்கிவிடும். நான் பார்த்த வண்டிகளில் யாருமே கண்டுகொள்ளாத இடம் இதுதான்.

பொறிதான் வரவில்லை என்று தெரிந்தால், புதிதாக மாட்டிய காயிலின் மேலேயே எனக்குச் சந்தேகம். காயில்களில் வெளியே ஒரு ரெசிஸ்டர் வைத்து ஓட்ட வேண்டியவை, அது இல்லாமல் ஓடுபவை என்று இரு வகை உண்டு; பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முதல் வகையை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, ஒரு மணி நேர ஓட்டத்தில் தொட முடியாத சூடாகி மடங்கிவிடும். ஆறியதும் உயிர் பெறும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து பொறியைத் தூண்டும் இக்னைட்டரும் சூட்டில் இதே நாடகம் ஆடக்கூடியது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங்கையும், அதாவது பொறி விழும் நேரத்தையும், விளக்கு வைத்துப் பார்த்துவிடுங்கள். பொறி தாமதமாக விழுந்தால், பிஸ்டனைத் தள்ள வேண்டிய தீ எக்சாஸ்ட் வழியில் எரிந்து, அந்தச் சூடு முழுவதும் தண்ணீரில் போய்ச் சேரும். எஞ்சினின் உறிஞ்சலால் பொறியை முன்கூட்டி விழச்செய்யும் வாக்கூம் அட்வான்ஸ் குழாயின் முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளிருக்கும் சவ்வு நலம், காற்று வந்துகொண்டே இருந்தால் அது கிழிந்திருக்கிறது.

இவை யாவும் சரியான பிறகும் ஏறும் முறை ஒன்றுண்டு. வளைவுகள் நெருங்கி வரும் செங்குத்தான இடங்களில் மேல் கியரில் எஞ்சினைத் திணறவிட்டு ஏறாதீர்கள். தார்ச்சாலையில் ஃபோர் வீல் லோ போட வேண்டியதில்லை, ஆனால் ஒரு கியர் குறைத்துச் சற்று உயர்ந்த சுற்றில் ஏறுங்கள். விசிறியும் வாட்டர் பம்பும் எஞ்சின் சுற்றும் வேகத்தில்தான் வேலை செய்கின்றன. முள் சிவப்பை நெருங்கினால் ஓரமாக நிறுத்தி, உடனே அணைக்காமல், நியூட்ரலில் சற்றே கூடுதல் சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ, ஆவி சீறினாலோ, தண்ணீர் கொட்டினாலோ மட்டும் அந்தக் கணமே அணைத்துவிட வேண்டும்.

கேள்வி: போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பழைய மகிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் பாதித் தூரம் போனதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கைப்பிடியை இருபது தடவை அடித்தால் கிளம்புகிறது, மறுபடி நிற்கிறது. டேங்கில் கால் பாகம் டீசல் இருக்கும்போது தொல்லை அதிகம். சூடும் கொஞ்சம் கூடுதல்தான். (போடி வாசகர்)

பதில்: அண்ணே, கைப்பம்ப் அடித்தால் கிளம்புகிறது, கால் டேங்கில் தொல்லை அதிகம் என்று நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். டீசல் எஞ்சினுக்குப் பொறி இல்லை. டீசல் போய்ச் சேராவிட்டால்தான் நிற்கும். ஏற்றத்தில் டீசல் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கிவிடும். உறிஞ்சு குழாயின் அடிமுனை துருப்பிடித்து ஒடிந்து குட்டையாகியிருந்தால், அது டீசலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். கால் டேங்கில் மட்டும் தொல்லை கூடுவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்.

அடுத்த முறை நின்றதும், கைப்பம்பைத் தொடுவதற்கு முன், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது; ஊசியால் குத்திச் சரிசெய்துவிடலாம், ஒரு பைசா செலவில்லை. சத்தம் இல்லையென்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். அதில் குமிழி ஓடினால், அதற்குப் பின்னால் டேங்க் பக்கம் எங்கோ காற்றுப் பிடிக்கிறது. குழாய் இணைப்புகளில் இருக்கும் செம்பு வாஷர்களை ஒருமுறை கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும். பழையதையே திருப்பிப் போட்டு இறுக்குவதால்தான் பாதி வண்டிகளுக்கு ஏர் பிடிக்கிறது. குமிழியே இல்லாமல் டீசல் தயங்கித் தயங்கி வந்தால், டேங்கின் உள்ளே இருக்கும் வலையிலும் ஃபில்டரிலும் சேறு இருக்கும். டேங்கை இறக்கிக் கழுவுவதே முறை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் நின்று, கைப்பம்ப் எத்தனை அடித்தாலும் கிளம்பாமல், டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் ரோட்டரி வகை இன்ஜெக்ஷன் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் கிளம்புகிறது என்றால், பம்பின் உட்பகுதி தேய்ந்துவிட்டது. சூட்டில் டீசல் நீர்த்துத் தேய்ந்த இடுக்குகள் வழியே கசிந்துவிடும், டீசலைத் தெளிக்கும் நோசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. சூடான பம்பின்மேல் குடத்துத் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். வெளிக்கூடு திடீரென்று சுருங்கி, உள்ளே சுற்றும் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சூட்டைப் பொறுத்தவரை, உங்கள் வண்டியில் கம்பெனி போட்ட பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சின் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் துளை என்பதையே அந்தப் பெயர் குறிக்கிறது; கொள்ளளவு 2,112 சி.சி. டீசலை முதலில் ஒரு சிற்றறையில் எரிக்கும் பழைய வகை என்பதால், நேரடியாகத் தெளிக்கும் எஞ்சின்களைவிட இது தண்ணீருக்குக் கூடுதல் சூட்டைத் தள்ளும். ‘இழுவை வரட்டும்’ என்று பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருந்தால் ஏற்றத்தில் கரும்புகை வரும். அந்தப் புகை நிற்கும் அளவுக்குக் குறைத்தாலே முள் கொஞ்சம் இறங்கும். ஆள் எண்ணிக்கையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அந்த எஞ்சினின் சக்தி 62 குதிரைத்திறன்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

கேள்வி: கொடைக்கானலில் குளிர்தானே, ஜீப்புக்குக் கூலன்ட் எதற்கு, வெறும் தண்ணீர் போதாதா? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: குளிர் ஊர், அதாவது உயரமான ஊர் என்பதால்தான் இன்னும் அதிகமாக வேண்டும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது என்பது உங்கள் வீட்டில் தெரிந்ததுதான். ரேடியேட்டர் மூடியும் அந்தக் குக்கரின் வெயிட்போலத்தான்: 0.9 கிலோ என்று அச்சிட்ட மூடி சரியாக அடைத்தால், கடல்மட்டத்தில் தண்ணீரின் கொதிநிலை 118 டிகிரிக்கும், உங்கள் ஊரில் ஏறத்தாழ 114 டிகிரிக்கும் உயரும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அதற்குமேல் இன்னும் சில டிகிரி கிடைக்கும். மூடியின் ரப்பர் வளையம் கெட்டித்து வெடித்திருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் வீண்.

கொதிநிலையைவிடத் துருத் தடுப்பு முக்கியம். வார்ப்பிரும்பும் அலுமினியமும் பித்தளையும் சேர்ந்த எஞ்சினில் வெறும் தண்ணீர் ஊற்றினால், ஒன்றை ஒன்று அரித்து, செம்பழுப்புச் சேறு ரேடியேட்டர் குழாய்களில் தங்கும். கலக்கும் தண்ணீரும் போர்வெல் தண்ணீராக இருக்க வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் போதும். வடித்த கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். இனிப்புச் சுவை இருப்பதால் நாய்கள் நக்கும், அது கொடிய நஞ்சு.

கேள்வி: ஆயில் மூடியின் உட்புறம் வெள்ளையாகப் பிசுபிசுப்பு இருப்பதைப் பார்த்து, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். பிரித்தே ஆக வேண்டுமா? (ஏற்காடு வாசகர்)

பதில்: அந்த ஒரு அறிகுறியை வைத்துப் பிரிக்காதீர்கள். மலையூரில் தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் ஈரம் மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து அப்படி வெளுக்கும். ஆயில் அளவுக் குச்சியை இழுத்துப் பாருங்கள். குச்சியிலும் பால் விட்ட தேநீரின் நிறம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்புங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே விடாமல் குமிழி வந்தாலும், மூடியை மாட்டிக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினாலும், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும் சோதனைத் திரவம் சில பட்டறைகளில் இருக்கிறது. நீலம் மஞ்சளாக மாறினால் மறுபேச்சில்லை.

பிரிக்கத்தான் வேண்டும் என்றானால், கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடச் சம்மதிக்காதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்கோல் வைத்து நீளவாக்கிலும் மூலைவாட்டிலும் ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய அலுமினிய ஹெட்டுகளில் 0.05 மில்லிமீட்டர் தகடு உள்ளே நுழைந்தாலே லேத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டம்தான். திரும்ப இறுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று தவணைகளில், இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். ‘கை அளவு எனக்குத் தெரியும்’ என்று யாராவது சொன்னால் வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஓடையைக் கடந்ததும் பெட்ரோல் ஜீப் நின்றுவிடுகிறது. சூடு இல்லை. ஏன்? (தேன்கனிக்கோட்டை வாசகர்)

பதில்: விசிறி தண்ணீரில் முட்டி, அதை வாரி டிஸ்ட்ரிபியூட்டர்மேல் அடித்துவிடுகிறது. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்தால் கிளம்பிவிடும். மூடியில் மெல்லிய வெடிப்போ கரிக்கோடோ இருந்தால் அதை மாற்றுங்கள். இனி ஆழமான ஓடைக்கு முன் ஒரு தார்ப்பாயை கிரில்லுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, நடைவேகத்தில், நிற்காமல் கடந்து செல்லுங்கள். கரையேறியதும் அந்தத் தார்ப்பாயை அவிழ்க்க மறந்துவிட்டு, அடுத்த இதழுக்கு ‘வண்டி சூடாகிறது’ என்று எழுதிவிடாதீர்கள்.